பெனினா பின்னிய பாதித் தலை

"ஏம்மா, கவுண்ட்டர் பொண்ணே! எங்க புள்ள தலையப் பின்னினது ஒருத்தியா, இல்ல ரெண்டு சண்டக்காரிங்களா?"

மணப்பெண்ணின் அத்தை என்னிடம் இப்படிக் கேட்டபோது நான் வாயே திறக்கவில்லை. பதில் எனக்குத் தெரியும். ஆனால் அந்த இரண்டு பேரும் அத்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையில் சீப்பு. இன்னொருத்தி கையில் ஊருக்குக் கிளம்பும் பை.

சீப்பு வைத்திருந்தவள் பெனினா கொபுசிங்கே. இது அவளைப் பற்றிய கதை.

பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் நான் கம்பாலாவின் வாண்டெகேயா பகுதியில் இருக்கும் அந்த முடி பின்னும் கடையில் சேர்ந்தேன். வாசல் கவுண்ட்டரில் உட்கார்ந்து போன் எடுப்பது, வருகிறவர்களிடம் எப்போது முடியும் என்று சொல்வது, இவைதான் என் வேலை. இரண்டாவது வேலை எனக்குத் தெரியாத வேலை. அதனால் யார் கேட்டாலும் பெனினாவின் முகத்தைப் பார்ப்பேன். அவள் வந்தவளின் தலையை ஒரு பார்வை, பெஞ்சில் காத்திருப்பவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம்னு சொல்லு" என்பாள். சொன்னபடி நடக்கும்.

கம்பாலாவில் டிசம்பர் என்றால் எல்லாரும் ஊருக்குக் கிளம்புகிற மாதம். பழைய பின்னலோடு யாரும் ஊருக்குப் போவதில்லை. போனால், நகரத்தில் இவளுக்குப் பிழைப்புச் சரியில்லை என்று ஊர் முழுக்கப் பேசும். அதனால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் எங்கள் பெஞ்சு நிரம்பி, படிக்கட்டிலும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். எல்லார் மடியிலும் புதுச் சவுரி முடிக் கட்டு இருக்கும். எல்லாருக்கும் ஒரு பேருந்து காத்திருக்கும்.

இத்தனை தலைகளையும் ஏழெட்டுப் பேரின் கைகளுக்குப் பங்கு போடுவது பெனினாவின் பொறுப்பு. ஒன்பது வருடமாக அவள்தான் பார்த்துவந்தாள். யாருடைய வண்டி முதலில் கிளம்புகிறதோ அவள் முதலில் நாற்காலியில் உட்காருவாள். மெல்லிய பின்னலுக்கு ஒரு தலையில் இரண்டு பேர், அவசரமென்றால் மூன்று பேர் நிற்பார்கள். ஆனால் யாரோடு யார் நிற்பது என்பதில் பெனினா ஒரு விதி வைத்திருந்தாள். கை ஒத்துப்போக வேண்டும். இறுக்கிப் பின்னுகிறவளோடு இறுக்கிப் பின்னுகிறவள். மெல்லியதாகப் பிரிக்கிறவளோடு மெல்லியதாகப் பிரிக்கிறவள்.

"ஒரு தலைல ரெண்டு குணம் இருக்கக் கூடாது. கண்ணாடி காட்டிக் குடுத்துடும்" என்று சொல்லுவாள்.

கடைக்காரிகள் ஊருக்குப் போவதற்கும் ஒரு வழக்கம் உண்டு. தூரத்து ஊர்க்காரி முதலில் கிளம்புவாள். பக்கத்து ஊர்க்காரி கடைசிவரை நின்று வேலை பார்ப்பாள். அதை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் டிசம்பர் பிறந்ததும் எல்லாருக்கும் தங்கள் முறை எப்போது வரும் என்று தெரிந்திருக்கும்.

இந்த இரண்டு விதிகளையும் அந்த டிசம்பரில் பெனினாவே மீறினாள்.

பெனினா புஷென்யி பக்கத்துக்காரி. பதினேழு வயதில் கம்பாலாவுக்கு ஒரு வீட்டில் வேலை செய்ய வந்தாள். அந்த வீட்டுப் பெண் குழந்தைகளின் தலையைப் பின்னிப் பின்னித்தான் அவளுக்குக் கை வந்தது. அப்புறம் ஒரு மாமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பின்னினாள். மழை வந்தால் பாதிப் பின்னலோடு வாடிக்கையாளரும் இவளும் ஒரே குடையில் நின்றார்களாம். அங்கிருந்துதான் எங்கள் முதலாளி நபதான்சி மேடம் அவளைக் கடைக்கு அழைத்து வந்தார். கணவர் துமுசிமே மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றுகிறவர். மூன்று பிள்ளைகள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் மூன்றும் கடை வாசலில் வந்து நிற்கும். "போங்கடா, வேலை நடக்குது" என்று பெனினா விரட்டுவாள். விரட்டிக்கொண்டே ஆளுக்கு ஒரு துண்டு சப்பாத்தி கொடுப்பாள்.

வருகிறவர்கள் கதவைத் திறக்கும்போதே "பெனினா இருக்காளா?" என்று கேட்பார்கள். ஒன்பது வருடம் அந்தக் கதவு அந்தப் பெயரோடுதான் திறந்தது.

ஆகஸ்ட் மாதம் அச்சிரோ வந்தாள். வடக்கே கிட்கும் ஊர்க்காரி, ஒல்லியான பெண், அதிகம் பேசமாட்டாள். அவள் விரல்களைப் பார்த்தால் பின்னுவதுபோலவே தெரியாது. முடி தானாகக் கீழே இறங்குவதுபோல இருக்கும். அவள் பிரிக்கிற இழை அவ்வளவு மெல்லியது, அதோடு வேகமும் உண்டு. மெல்லியதாகப் பின்னுகிறவர்கள் மெதுவாகத்தான் பின்னுவார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

முதல் மாதம் பெனினாவே அவளைப் பாராட்டினாள். "நல்ல கைடி உனக்கு" என்றாள். அப்புறம் ஒரு சனிக்கிழமை டீச்சரம்மா வந்தார்.

டீச்சரம்மா பெனினாவின் பன்னிரண்டு வருட வாடிக்கை, மாமரத்தடி நாளிலிருந்து வருகிறவர். அவர் உள்ளே வந்ததும் பெனினா நாற்காலியைத் துடைத்து இழுத்துப் போட்டாள். டீச்சரம்மா அதில் உட்காரவில்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "பெனினா, தப்பா எடுத்துக்காத. அந்தப் புதுப் பொண்ணு சும்மா இருக்காளா?" என்றார்.

"இருக்கா, இருக்கா. இதுல என்னங்க தப்பு?" என்றாள் பெனினா. துடைத்த நாற்காலியை மறுபடி துடைத்தாள். பிறகு மறுபடியும் துடைத்தாள். டீச்சரம்மா அச்சிரோவின் நாற்காலியில் போய் உட்கார்ந்த பிறகும் அவள் கை நிற்கவில்லை.

அன்றிலிருந்து கதவு வேறு பெயரோடு திறக்க ஆரம்பித்தது. "அச்சிரோ இருக்காளா?" என்று கேட்டுத் திறந்தது. போனில் என்னிடமும் அதையே கேட்டார்கள். நான் போனை வைத்ததும் பெனினா கேட்பாள்:

"யாரக் கேட்டாங்க?"

"சும்மா நேரம் கேட்டாங்க அக்கா."

"பொய் சொல்லாத. உன் மூக்கு சொல்லுது."

நவம்பர் கடைசியில் நபதான்சி மேடம் எல்லாரையும் நிற்க வைத்து ஒரு செய்தி சொன்னார். ஜனவரியில் நகரத்தின் இன்னொரு பகுதியான என்டிண்டாவில் இரண்டாவது கடை திறக்கப் போகிறார். அதைப் பார்த்துக்கொள்ள எங்களில் ஒருத்தி வேண்டும்.

"யாருன்னு நான் இப்பச் சொல்ல மாட்டேன். இந்தக் கிறிஸ்துமஸ் முடியட்டும். ஒரு பொண்ணு அழுதுட்டு வெளிய போகக் கூடாது, ஒரு பொண்ணு வண்டிய விட்டுட்டு நிக்கக் கூடாது. யாரு அப்படிக் கொண்டுபோறீங்களோ அவங்க கைல சாவி."

சொல்லிவிட்டு மேடம் பெனினாவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அச்சிரோவையும் பார்த்துச் சிரித்தார். இரண்டாவது சிரிப்பு கொஞ்சம் நீளமாக இருந்தது என்று பெனினா நம்பினாள். அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. "வயிறு எரியுது" என்றாள். வயிற்றுக்கு மாத்திரை வாங்கி வரவா என்று கேட்டேன். "மாத்திரைக்கு அடங்குற எரிச்சல் இல்ல இது" என்றாள்.

மூலையில் ஒரு சின்ன மேசை போட்டு நகப்பூச்சு போடுகிற நஸ்ஸாலி இதைக் கேட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் மேடத்தின் அண்ணன் மகள். பின்னத் தெரியாது. பேசத் தெரியும்.

வழக்கப்படி பார்த்தால் கிட்கும்காரி அச்சிரோதான் எல்லாருக்கும் முன்னால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். இரவெல்லாம் பேருந்தில் போக வேண்டிய ஊர். ஐந்து வயது மகளை அங்கே தன் அம்மாவிடம் விட்டிருந்தாள். அவள் விடுப்புக் கேட்டபோது பெனினா மிகவும் நியாயமான குரலில் பதில் சொன்னாள்:

"எனக்கு என்னம்மா, இப்பவே அனுப்புவேன். ஆனா எல்லாரும் உன்னக் கேட்டுத்தான வராங்க? நீ போயிட்டா நான் அவங்களுக்கு என்ன பதில் சொல்றது? இருபத்திமூணாம் தேதி மத்தியானத்துக்கு மேல கிளம்பு."

அச்சிரோ தலையாட்டிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனாள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அச்சிரோவின் கைக்குப் பொருந்துகிறவள் கடையில் ஒருத்திதான், ஸ்கோவியா. அவளுக்கு ஊர் ஜின்ஜா. காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். வழக்கப்படி அவள்தான் கடைசியாகப் போக வேண்டியவள். பெனினா அவளை எல்லாருக்கும் முதலில் அனுப்பினாள்.

"ஜின்ஜாவுக்கா? இப்பவேவா?" என்று ஸ்கோவியாவே வாய் பிளந்தாள்.

"உங்கம்மாவுக்கு முட்டி வலின்னு சொன்னியே. போய்ப் பாரு."

"அது ஈஸ்டர்ல அக்கா."

"முட்டி வலி திரும்பி வரும். போ."

ஸ்கோவியா போனதும் அச்சிரோவுக்கு ஜோடி இல்லாமல் போயிற்று. அவளைக் கேட்டு வந்த தலைகளை எல்லாம் அவள் தனியாகவே பின்னினாள். தலைகள் தாமதமாயின. தாமதமாவதைப் பெனினா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்ததைச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. பல் வலியைக் கொஞ்சம் மறந்தவளின் முகம் அது.

இருபத்திமூன்றாம் தேதி விடிந்ததும் நாகிமுலி வந்தாள். மணப்பெண். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு மசாக்காவில் அவள் பெற்றோர் வீட்டில் அறிமுகச் சடங்கு. மாப்பிள்ளை வீட்டார் பழக்கூடைகளோடு வந்து பெண் கேட்பார்கள். பெண் எல்லார் முன்னாலும் மண்டியிட வேண்டும். ஊர் முழுக்க அவள் தலையை மேலிருந்து பார்க்கும். சாயங்காலம் அவள் அண்ணன் வேன் கொண்டுவந்து கடை வாசலிலிருந்தே அழைத்துப் போவதாக ஏற்பாடு. கூட அவள் அத்தை வந்திருந்தார். சடங்கில் அத்தைதான் பெண்ணுக்கு எல்லாம். அவர் பெஞ்சில் ஒரு ஆள் உட்காரும் இடத்தில் இரண்டு ஆள் அளவுக்கு உட்கார்ந்தார்.

நாகிமுலி போனில் ஒரு படம் காட்டினாள். மழைத் தாரைபோல மெல்லிய பின்னல், இடுப்புவரை. "அச்சிரோதான் பின்னணும்" என்றாள்.

ஒருத்தி தனியாகப் பின்னினால் வேன் வரும் நேரம் ஆகிவிடும், அச்சிரோவின் பேருந்தும் போய்விடும். இன்னொரு கை வேண்டும். ஸ்கோவியா ஜின்ஜாவில் இருந்தாள். பெனினா கையைத் துடைத்துக்கொண்டு வலது பக்கம் போய் நின்றாள்.

"நானே நிக்கிறேன்" என்றாள்.

அச்சிரோ ஒரு கணம் அவளைப் பார்த்தாள். "அக்கா, உங்க கை வேற, என் கை வேற. நீங்கதான சொல்லுவீங்க?"

"என் கையப் பத்தி எனக்குத் தெரியும். நீ உன் பக்கத்தப் பாரு."

இரண்டு பேரும் பின்ன ஆரம்பித்தார்கள். அச்சிரோ தன் பக்கத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. பெனினா நான்கு பின்னலுக்கு ஒருமுறை இடது பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே வரிசை மேலே ஏறிக்கொண்டிருந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு இழையைக் கொஞ்சம் அகலமாகப் பிரித்தாள்; இழை தடித்தால் வரிசை சீக்கிரம் ஏறும். மறுபடி எட்டிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் அகலமாக. இப்போது இரண்டு வரிசையும் ஒரே உயரத்தில் இருந்தன. அவள் முகம் தெளிந்தது. அவளுக்கு அந்த நேரத்தில் உயரம் மட்டுமே தெரிந்தது என்று நினைக்கிறேன்.

பெஞ்சில் ரோலெக்ஸ் என்கிற முட்டை சுருட்டிய சப்பாத்தியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "பெனினா இன்னும் கிழவி ஆகல" என்று யாரோ சொன்னார்கள். பெனினாவுக்குக் காது குளிர்ந்தது. அதற்கப்புறம் கை இன்னும் ஓடியது. நாகிமுலி தலையைக் குனிந்து தூங்கிப்போனாள்.

மத்தியானம் பின்னி முடிந்தது. முன் நெற்றி வரிசையைப் பெனினா கவனமாகத்தான் பின்னியிருந்தாள். அதனால் கண்ணாடியில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. நுனிகளை வெந்நீரில் முக்கி, துண்டால் பிழிந்து, முடியை முழுக்க முதுகில் விரித்தார்கள். அப்போதுதான் தெரிந்தது.

இடது பக்கம் மழைத் தாரை. வலது பக்கம் மாடு கட்டுகிற கயிறு.

அத்தை எழுந்து வந்தார். பின்னலை அள்ளி உச்சியில் கொண்டையாகச் சுற்றிப் பார்த்தார். கொண்டை நிற்காமல் வலது பக்கமாகச் சாய்ந்தது. திரும்ப நிமிர்த்தினார். திரும்பச் சாய்ந்தது.

"நல்லாருக்கு. இந்தப் பக்கம் கல்யாணத்துக்குப் போகுது, அந்தப் பக்கம் சந்தைக்கு வாழைத்தார் தூக்கப் போகுது. மாப்பிள்ள வீட்டுக்காரங்க எந்தப் பொண்ணக் கேக்குறது?"

நாகிமுலி கையைப் பின்னால் கொண்டுபோய் இரண்டு பக்கத்தையும் தடவிப் பார்த்தாள். அவள் கீழுதடு நடுங்கியது. அத்தை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, நான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பெனினா என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நாகிமுலி தூங்கியவள், அத்தை பாதி நேரம் வெளியே போனில் பேசியவர். 'இடது பக்கம் ரொம்பப் பொடிசாப் போச்சு, அச்சிரோ புதுசு' என்று ஒரு வார்த்தை போதும். அச்சிரோ பையோடு நின்றாள். ஆனால் அப்படிச் சொன்னால் அச்சிரோ பேருந்துக்குப் போய்விடுவாள். படத்தில் இருப்பதுபோல மெல்லியதாக வலது பக்கத்தைப் பின்ன வேறு கை கடையில் இல்லை. நாகிமுலி அழுதுகொண்டே வேனில் ஏறுவாள். என்டிண்டா சாவி அந்த அழுகையோடு போய்விடும். இதையெல்லாம் பெனினா கணக்குப் போட்டுத்தான் பேசினாளா, இல்லை அந்தப் பெண்ணின் உதட்டைப் பார்த்துப் பேசினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"வலது பக்கம் நான் பின்னினது, அத்தை. தப்பு என்னோடது. வேன் வர்றதுக்குள்ள சரி பண்ணிடுறோம்."

"பண்ணிடுறோமா? அந்த 'றோம்' யாரு?"

பெனினா திரும்பினாள்.

"அச்சிரோ."

"சொல்லுங்க."

"உன் பஸ்ஸு..."

"இன்னும் கொஞ்ச நேரத்துல."

"இத விட்டா?"

"நாளைக்கு விடியல்ல ஒண்ணு இருக்கு. எடம் கெடைக்குமோ என்னமோ."

பெனினா கேட்க வேண்டியதை இன்னும் கேட்கவில்லை. சீப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். கடைசியில், "நான் பிரிக்கிறேன். நீ பின்னு" என்றாள். பிறகு, எங்களில் யாரும் அவள் வாயில் கேட்டிராத ஒரு சொல்லைச் சொன்னாள்: "தயவு பண்ணு."

அச்சிரோ பையை என் கவுண்ட்டருக்குக் கீழே தள்ளினாள். "சீப்பக் குடுங்க" என்றாள்.

பின்னல் பிரிப்பது பின்னுவதைவிடச் சலிப்பான வேலை. பெனினா ஒரு முக்காலியில் உட்கார்ந்து, தான் காலையிலிருந்து பின்னியதை எல்லாம் கீழிருந்து பிரித்துக்கொண்டே போனாள். பிரித்த இடத்தில் அச்சிரோ பின்னிக்கொண்டே வந்தாள். நாலைந்து வரிசை இப்படியே போயிற்று. பிறகு அச்சிரோ தலை நிமிராமல் கேட்டாள்:

"என் மேல என்னக்கா கோவம்?"

"கோவம் இல்ல."

"பின்ன?"

"டீச்சரம்மா உன்னக் கேட்டாங்கள்ல, அந்தச் சனிக்கிழம. நான் நாற்காலியத் தொடச்சு வச்சிருந்தேன்." பெனினா ஒரு பின்னலைப் பிரித்து முடித்தாள். "அந்த எரிச்சல். பொறாமடி. வேற என்ன?"

அச்சிரோவின் விரல் ஓடிக்கொண்டே இருந்தது. "எனக்கும் உங்க மேல அதான்."

பெனினாவின் கை நின்றது. "என் மேலயா? என்கிட்ட என்ன இருக்குன்னு?"

"நீங்க எந்திரின்னா எந்திரிக்கிறோம், உக்காருன்னா உக்காருறோம். நான் எவ்வளவு வேகமாப் பின்னினாலும் ஊருக்கு எப்பப் போறதுன்னு நீங்கதான் சொல்றீங்க. சாயங்காலம் ஆனா உங்க புள்ளைங்க மூணும் வாசல்ல வந்து நிக்குதுங்க. நீங்க வெரட்டுறீங்க. எம் பொண்ணு போன்ல என்னப் பேரு சொல்லிக் கூப்பிடுறா. எங்கம்மாவத்தான் அம்மாங்குறா. உங்க புள்ளைங்கள நீங்க வெரட்டுறப்பல்லாம் எனக்கு உங்களக் கடிக்கணும்போல இருக்கும்."

பெனினா அடுத்த பின்னலை எடுத்து நுனியைப் பிரித்தாள். பிறகு, "எப்பலேர்ந்து?" என்றாள்.

"வந்த அன்னிலேர்ந்து."

"எனக்கும் முன்னாடியேவா?" அவள் குரலில் ஒரு சின்ன பெருமை எட்டிப் பார்த்தது. அதை மறைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

நாகிமுலி தூங்குகிறாள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவள் கண்ணை மூடியபடியே சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் பொறாமப்பட்டு முடிச்சுட்டீங்கன்னா, என் காதுகிட்ட கொஞ்சம் மெதுவா இழுங்க."

கடையே சிரித்தது. பெனினாவும் சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் பல்லை நான் அப்போதுதான் பார்த்தேன்.

ஆனால் பெஞ்சு சிரித்து முடித்ததும் முணுமுணுக்க ஆரம்பித்தது. கடையின் இரண்டு பெரிய கைகளும் ஒரே பாதித் தலையில் மாட்டிக்கொண்டிருந்தன. யாரை எங்கே உட்கார வைப்பது என்று சொல்ல ஆள் இல்லை. நான் பெனினாவைப் பார்த்தேன், அவள் நிமிரவில்லை. அப்போது மூலையிலிருந்து நஸ்ஸாலி நகப்பூச்சுப் புட்டியை மூடிவிட்டு எழுந்து வந்தாள்.

"யாருக்கெல்லாம் வண்டி நாளைக்கு? கை தூக்குங்க. பொய் சொன்னா கிறிஸ்துமஸ் கோழி வேகாது."

நான்கைந்து கைகள் எழுந்தன. "நீங்க வீட்டுக்குப் போயி விடிஞ்சதும் வாங்க. மொத நாற்காலி உங்களுக்கு. இன்னைக்குக் கெளம்புறவங்க மட்டும் இருங்க. தடிப் பின்னல் போதும்னு சொல்றவங்க இந்தப் பக்கம் வாங்க, சீக்கிரம் முடியும், உங்களுக்கு நகம் நான் சும்மா பூசி விடுறேன்."

பெஞ்சு பாதியாகக் குறைந்தது. சத்தம் அடங்கியது. சரியாக அந்த நேரத்தில் நபதான்சி மேடம் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

அவர் பார்த்தது இது: கடையின் நடுவில் நின்று நஸ்ஸாலி எல்லாரையும் உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். பெனினா முக்காலியில் உட்கார்ந்து பின்னலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"டிசம்பர் மாசத்துல யாரு பின்னலப் பிரிக்கிறது?" என்று மேடம் கேட்டார்.

"உங்க பெரிய கை" என்று அத்தை பெஞ்சிலிருந்து சொன்னார். "பாவம், நேர்மையானது. ஆனா தடி."

பெனினா நடந்ததைச் சொன்னாள். ஸ்கோவியாவை அனுப்பியதையும் சொன்னாள். மேடம் கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. "ம்" என்று மட்டும் சொன்னார். அந்த 'ம்' பெனினாவின் தோளை இறக்கிவிட்டது.

வேன் வாசலில் வந்து ஒலி எழுப்பியபோது அச்சிரோ கடைசிப் பின்னலை முக்கிக்கொண்டிருந்தாள். அத்தை கொண்டையைச் சுற்றிப் பார்த்தார். நின்றது. விட்டார். நின்றது. "இப்ப ஒரு தல" என்றார். நாகிமுலி போகும்போது இருவர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. ஆனால் அச்சிரோவின் பேருந்து போய்விட்டது.

மறுநாள் விடியல் பேருந்தில், இரண்டு பேர் உட்கார்ந்த இருக்கையில் மூன்றாவதாக ஒட்டிக்கொண்டு அவள் ஊருக்குப் போனாள். அவளைக் கேட்டு இன்னும் ஒரு கூட்டம் வரும் என்று தெரிந்தும் பெனினாதான் அவளை விரட்டி அனுப்பினாள். அன்று கதவு ஒவ்வொரு முறை திறந்தபோதும், "அச்சிரோ இல்லையா?" என்ற கேள்வி வந்தது. ஒவ்வொரு முறையும் பெனினாவே எழுந்து, "இல்ல, ஊருக்குப் போயிட்டா. நான் இருக்கேன், பரவால்லியா?" என்று கேட்டாள். சாயங்காலத்துக்குள் அந்தக் கேள்வி அவள் வாயில் தேய்ந்துபோனது. பிள்ளைகள் மூன்றும் வாசலில் வந்து நின்றபோது அவள் விரட்டவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவர்கள்தான் பயந்துபோய், "என்னம்மா ஆச்சு?" என்றார்கள்.

ஜனவரியில் மேடம் என்டிண்டா சாவியை நஸ்ஸாலிக்குக் கொடுத்தார்.

அந்தச் செய்தி வந்த மத்தியானம் பெனினாவும் அச்சிரோவும் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரே ரோலெக்ஸை இரண்டாகப் பிய்த்துச் சாப்பிட்டார்கள்.

"வகிடு எடுக்கத் தெரியாதவ, அக்கா."

"வகிடா? சீப்ப எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு தெரியுமா அவளுக்கு?"

"கடைக்குக் கண்ணாடி பெருசாமே?"

"பெருசு. ஏசியும் இருக்காம்."

"ஏசியா!"

இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். இப்போதும் தினம் சாயங்காலம் பெனினா என்னிடம் வந்து, "என்டிண்டாவுக்குப் போன் போட்டு இன்னைக்கு எத்தன தலன்னு கேளேன்" என்பாள். குறைந்த எண்ணிக்கையைச் சொன்னால் அச்சிரோவைக் கூப்பிட்டுச் சொல்லுவாள். அதிகமாக இருந்தால் இருவரும் அன்று யாரோடும் பேசமாட்டார்கள்.

ஸ்கோவியா வராத நாளில் இவர்கள் இருவருமே ஒரு தலையில் நிற்கிறார்கள். பெனினா இப்போது இடது பக்கம் எட்டிப் பார்த்து உயரத்தை அளப்பதில்லை. இழையின் பருமனை அளக்கிறாள். மெதுவாகத்தான் முடிகிறது. ஆனால் கொண்டை நிற்கிறது. ஈஸ்டருக்கு யார் முதலில் ஊருக்குக் கிளம்புவது என்று கேட்டபோது, "கிட்கும்காரி" என்றாள், யோசிக்காமல்.

நான் கல்லூரியில் இடத்துக்குக் காத்திருக்கிறேன். அது கிடைத்ததும் இந்தக் கடையை விட்டுப் போய்விடுவேன். அதற்குள் இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. மறுபடி ஒரு டிசம்பர் வரும். உங்கள் கடையிலோ, பட்டறையிலோ, அலுவலகத்திலோ யாரோ ஒருவர் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பார். யாரை முதலில் ஊருக்கு அனுப்புவது, யாரை நிறுத்தி வைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பெனினாவின் கதையைச் சொல்லுங்கள். அவர் சிரித்துவிட்டு யாருடைய விடுப்பையாவது இன்னொரு முறை யோசித்தால், அவரையும் இதை வேறொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். நஸ்ஸாலிக்கு மட்டும் சொல்ல வேண்டாம். பெனினா அக்காவுக்குப் பிடிக்காது.